இரண்டு காந்தாரத்துக்கு நடுவே

மொத்தம் ஐந்து சுரம். வேகம் கிடையாது. நிதானமான ப்ளூஸ் பாட்டில், பாடகர் ஒரு வரியைப் பாடிவிட்டு மூச்சு வாங்கும் இடத்தில், கிடார் அந்த வரிக்குப் பதில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்தப் பதிலைத்தான் கிடார்காரர்கள் லிக் என்பார்கள். நான் சொல்லும் லிக் ஆல்பர்ட் கிங்குடையது. ஒரு பாட்டில் வாசித்துவிட்டு அவர் அதை மறந்துவிடவில்லை. வாழ்நாள் முழுக்க வாசித்தார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்து. தொண்ணூறுகளின் கடைசியில், விவேகானந்தா கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஐந்து சுரத்தைப் பிடிப்பதே என் சாயங்காலங்களின் வேலையாக இருந்தது.

கேசட் அடையாறு காந்தி நகரில் இருந்த நண்பனுடையது. அவன் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டி நிறையக் கேசட் கொண்டுவருவார். மந்தைவெளியில் பஸ் ஏறி, திரு.வி.க. பாலம் தாண்டி இறங்கி, அவன் வீட்டு மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து கேட்போம். முதலில் எங்களுக்குத் தெரிந்தவர் எரிக் கிளாப்டன்தான். க்ரீம் குழுவின் ‘ஸ்ட்ரேஞ்ச் ப்ரூ’ பாட்டில் அவர் வாசிக்கும் சோலோவை வாய்விட்டுப் பாடிக் காட்டும் அளவுக்கு மனப்பாடம். அதே 1967-இல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனி வெளியிட்ட ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ ஆல்பத்தை அண்ணன் ஒருநாள் போட்டார். அதில் ‘ஓ, ப்ரெட்டி உமன்’ வந்தது. கிளாப்டனின் சோலோ எங்கிருந்து வந்தது என்று விளக்கம் தேவைப்படவில்லை. ஊற்று அங்கே இருந்தது.

ஆல்பர்ட் கிங் 1923-இல் பிறந்தவர். மிசிசிப்பிக்காரர், ஆறடியைத் தாண்டிய உயரம், பெரிய கை. இடது கைப் பழக்கம். வலது கைக்காரர்களுக்காகக் கம்பி கட்டிய கிடாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். எல்லாருக்கும் தரைப்பக்கம் இருக்கும் மெல்லிய முதல் கம்பி அவருக்கு முகத்துப் பக்கம் இருந்தது. சுரத்தை ஏற்றுவதற்கு நாங்கள் அந்தக் கம்பியை மேல்நோக்கித் தள்ளுவோம். அவர் தரையை நோக்கி இழுத்தார், கையின் முழுக் கனத்தோடு. பிக் வைத்துக்கொள்ளாமல் கட்டை விரலால் மீட்டினார். அந்த உருண்ட, குரல் போன்ற நாதத்துக்கு இவையெல்லாம் காரணம். வேறு யாருக்கும் அது அப்படியே வராததற்கும் இவைதான் காரணம்.

லிக்கை ஏ சுருதியில் வைத்துச் சொல்கிறேன், நம் கணக்கில் ஆறு கட்டை. இரண்டாம் கம்பி பத்தாம் ஃப்ரெட்டில் சட்ஜம். அங்கே ஒரு மீட்டு. அடுத்து முதல் கம்பி பத்தாம் ஃப்ரெட், மத்யமம். அதைப் பஞ்சமம் வரைக்கும் ஏற்றிப் பிடிக்க வேண்டும். பிடித்ததை மெதுவாக இறக்கி மத்யமத்துக்கு வர வேண்டும். பிறகு எட்டாம் ஃப்ரெட்டில் காந்தாரம், அங்கேயும் ஒரு சின்ன இழுப்பு. திரும்பச் சட்ஜம். காகிதத்தில் எழுதினால் ஒரு வரிகூட நிரம்பாது.

கம்பியை ஏற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். பத்தாம் எண் முதல் கம்பி, அதாவது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு தடிமன், சரியான சுருதியில் நிற்கும்போது ஏறக்குறைய 7 கிலோ இழுப்பில் இருக்கும். அதிர்வெண் இழுப்பின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். அதனால் மத்யமத்தைப் பஞ்சமமாக்க இழுப்பு 26 சதவீதம் கூட வேண்டும். ஆல்பர்ட் கிங் சில இடங்களில் அதையும் தாண்டி இன்னொரு முழு சுரம் போவார். அதற்கு 58 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அப்போது கம்பியில் 11 கிலோவுக்கு மேல் இருக்கிறது. ப்ளூஸ் கிடார்காரர் ஸ்டீவி ரே வான் தன் கிடாரை அரைக் கட்டை இறக்கியே சுருதி சேர்த்தார். அந்த இறக்கத்தில் இழுப்பு 11 சதவீதம் குறையும். அவர் போட்டிருந்தது பதின்மூன்றாம் எண் கம்பி என்பதை நினைத்தால் அந்த 11 சதவீதத்தின் அருமை தெரியும்.

என்னிடம் இருந்தது சாதாரண அக்கூஸ்டிக் கிடார். கம்பி பலகையிலிருந்து உயரத்தில் நின்றது. மயிலாப்பூர் கடல் காற்றில் கம்பி சீக்கிரம் துருப் பிடிக்கும், துருப் பிடித்த கம்பி ஃப்ரெட்டின் மேல் வழுக்காது, நறநறவென்று உராயும். அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கலுக்குப் போய் முதல் கம்பியை மட்டும் தனியாக வாங்கி வருவேன். 1842-இல் தொடங்கிய கடை. ட்ரினிட்டி பரீட்சைக்கு வரும் பிள்ளைகளும், வயலின் வில் பார்க்க வரும் பெரியவர்களும், சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களும் ஒரே கவுண்டரில் நிற்பார்கள். எனக்கு அந்தக் கடையில் காத்திருப்பது பிடிக்கும்.

விரலால் இழுத்தால் வராது என்பதை நண்பனின் அண்ணன் காட்டிக் கொடுத்தார். மோதிர விரல் கம்பியில் இருக்கும்போது நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதற்குப் பின்னால் அதே கம்பியில் சேர்ந்து நிற்க வேண்டும். கட்டை விரல் கிடாரின் கழுத்துக்கு மேலே வந்து கொக்கி போடும். பிறகு விரல்களை மடக்காமல் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், பூட்டில் சாவி திருப்புகிற மாதிரி. முன்கை எலும்பு திரும்பும்போது அந்த 11 கிலோ விரல் நுனியில் தெரியாது, முழங்கை வரைக்கும் பரவிவிடும். இதைச் செய்யப் பழகியபின் பலம் ஒரு பிரச்சினையாக இல்லை. கம்பி ஏறியது.

ஏறியது எங்கே போய் நிற்க வேண்டும் என்பதுதான் பாக்கி. அதற்குக் கேசட் உதவவில்லை. டேப் ரெக்கார்டரின் வேகம் வீட்டுக்கு வீடு மாறும். அடையாற்றில் ஒரு சுருதி, எங்கள் வீட்டில் அதற்குக் கொஞ்சம் கீழே. எந்தக் கட்டையிலும் சரியாக நிற்காத பாட்டுக்கு முதலில் கிடாரைச் சேர்த்து, பிறகு வாசிக்க வேண்டும். பஞ்சமம் பரவாயில்லை, அதைக் காது சொல்லிவிடும். அந்தக் காந்தாரம் மட்டும் பிடிபடவே இல்லை. இழுக்காமல் வாசித்தால் சப்பென்று இருந்தது. ஒரு ஃப்ரெட் அளவு இழுத்தால் அது வேறு ஏதோ சந்தோஷமான பாட்டாகிவிட்டது.

நாங்கள் குடியிருந்தது சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில். கீழ் வீட்டு மாமி வீணை சொல்லிக்கொடுப்பவர். சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள், ஆறரைக்கு முடியும். நான் மாடியில் அதே காந்தாரத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்ததை அவர் மாதக்கணக்கில் கேட்டிருக்க வேண்டும். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கீழே கூப்பிட்டார்.

“அந்த மத்யமத்துலேர்ந்து எங்கே போகணும்னு உனக்குத் தெரியறதா?”

“பஞ்சமத்துக்கு, மாமி.”

“கையை விடு. பாடு.”

சுருதிப் பெட்டியை ஆறு கட்டைக்குத் திருப்பி வைத்தார். நான் பாடினேன். ஸ, ம, ப, ம, க, ஸ. பிறகு அவர் பாடினார், கமகம் போட்டு. “சுத்த தன்யாசின்னா இது” என்றார். அவர் சொன்னது சரி. ப்ளூஸ் கிடார் கற்கிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் மைனர் பென்டடானிக்கில் இருப்பது ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். ‘ஹிமகிரி தனயே’ கேட்டு வளர்ந்த மயிலாப்பூர்க் காதுக்கு அந்த ஐந்தும் பழக்கமான வீடு. ஆனால் பாடச் சொன்னாரே, அதுதான் பெரிய உதவி. குரலில் ஏறும்போது தொண்டைக்கு எங்கே நிற்கிறோம் என்று தெரிகிறது. குரலில் நின்ற இடத்துக்கு விரலைக் கொண்டுபோவது அதற்கப்புறம் எளிது. பிறகு வீணையை எடுத்தார். அது மூன்று கட்டையில் இருந்தது. “உன் ஆறு கட்டை எனக்கு மத்யமம். மத்யம சுருதியில வாசிச்சாப் போச்சு” என்று கம்பி முறுக்காமலே தொடங்கினார்.

வீணையில் இழுக்கிற கையை அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். இருபத்து நாலு மெட்டும் மெழுகின் மேல் எழும்பி நிற்கின்றன. விரல் மரத்தைத் தொடுவதே இல்லை, கம்பியை மட்டும் தொடுகிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து சாரணிக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கின்றன. கம்பி சீராக, தடுக்காமல் போகிறது. ஒரே மெட்டிலிருந்து இரண்டு சுரம், மூன்று சுரம். எஸ். பாலசந்தர் இதை எந்த எல்லைக்குக் கொண்டுபோனார் என்று மாமி பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். குரு இல்லாமல் தானே வீணை கற்றவர், பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ படத்தை 1954-இல் எடுத்தவர், ஒரு மெட்டில் கையை வைத்து ராகத்தின் பாதியை இழுத்தே காட்டிவிடுவார் என்று சொல்வார். காரைக்குடி பாணியில் கற்ற மாமிக்கு அவ்வளவு இழுப்பு சம்மதமில்லை. ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் உயரும்.

கிடாரில் மரம் கம்பிக்கு அடியிலேயே இருக்கிறது. இழுக்கும்போது விரல் நுனி மரத்தில் உரசி வேகம் குறைகிறது. ஜான் மெக்லாஃப்லின் எழுபதுகளில் சக்தி குழுவுக்காகச் செய்துகொண்ட கிடாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து எடுத்திருந்தது இதற்காகத்தான் என்று மாமியின் வீணையைப் பார்த்தபோது விளங்கியது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எட்டுக் கம்பி மாண்டலினை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிக்கு வந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜோடிக் கம்பியை இழுத்தால் இரண்டும் ஒரே சுரத்தில் நிற்காது. கமகம் வேண்டுமென்றால் கருவியைத் திருத்தியாக வேண்டும். மிசிசிப்பிக்காரரான பி.பி. கிங் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார். அவருடைய உறவினர் புக்கா ஒயிட் கம்பியின் மேல் உலோகத்தை வழுக்கி ஸ்லைடு வாசிப்பவர். பி.பி. கிங்குக்கு அது கைவரவில்லை. அந்த நாதம் வேண்டும் என்பதற்காகக் கம்பியை இழுக்கவும் நடுக்கவும் பழகினார். எல்லாருக்கும் வேண்டியிருந்தது குரல்தான்.

இதுவரைக்கும் மாமியும் நானும் ஒரே பாதையில் வந்தோம். கேசட்டைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டிய அன்று பாதை பிரிந்தது. ஒரு இடத்தில் ஆல்பர்ட் கிங் அந்த மத்யமத்தைப் பஞ்சமத்தோடு நிறுத்தாமல் இன்னும் மேலே கொண்டுபோனார். மாமி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“இது சதுஸ்ருதி தைவதம். சுத்த தன்யாசியில தைவதம் எங்கேர்ந்து வந்தது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதிலைத் தேடிப் போனதுதான் அந்த லிக்கை எனக்குத் திறந்துவிட்டது. பன்னிரண்டு பார் ப்ளூஸில் அடியில் போகும் கார்டு மாறிக்கொண்டே இருக்கிறது. ஏ சுருதியில் முதல் நாலு பார் ஏ செவன்த். ஐந்தும் ஆறும் டி செவன்த். ஏழு, எட்டில் திரும்ப ஏ. ஒன்பதில் ஈ செவன்த், பத்தில் டி, கடைசியில் வீடு. நிதானமான பாட்டென்றால் ஒவ்வொரு பாரும் நாலு எண்ணிக்கை, ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் ஒரு தகிட. அந்தத் தைவதம் வருவது ஐந்தாம் பாரில், டி செவன்த் மேல். டி என்பது நம் மத்யமம். மத்யமத்தைச் சட்ஜமாக வைத்துப் பார்த்தால் தைவதம் அதற்கு அந்தர காந்தாரம். கார்டுக்குள் இருக்கும் சுரத்தையே அவர் தொடுகிறார்.

மாமியிடம் இதைச் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டார். “அப்போ நடு பாட்டுல மத்யம சுருதிக்குப் போய்ட்டுத் திரும்பி வரான்.” கிரஹ பேதம் செய்து காட்டும் வித்வானுக்குக்கூடத் தம்புரா அதே இடத்தில்தான் நிற்கும், இங்கே தம்புராவே நகர்கிறது என்பதுதான் அவரை ஆச்சரியப்படுத்தியது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேசட்டைத் திரும்பப் போடச் சொன்னார்.

காந்தாரத்தின் விடையும் அங்கேதான் இருந்தது. சாதாரண காந்தாரம் டி செவன்த்துக்குக் கைசிகி நிஷாதம். கார்டுக்குள்ளேயே இருக்கிறது, சொந்த இடம். அங்கே அதை இழுக்கக் கூடாது, அழுத்தி வைத்தால் போதும். ஏ செவன்த் வரும் நாலு பாரில் நிலைமை வேறு. அந்தக் கார்டுக்குள் அந்தர காந்தாரம் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மேலே நாம் சாதாரண காந்தாரத்தை வைக்கிறோம். இரண்டும் அரை சுர தூரத்தில் உரசுகின்றன. அந்த உரசலுக்குள்ளே, சாதாரணத்தை விட்டு மேலே, அந்தரத்துக்குக் கீழே, ஒரு இடத்தில் சுரம் நிற்க வேண்டும். ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் வயலிலும் சர்ச்சிலும் பாடிய குரலில் இருந்த காந்தாரம் அது. பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. கிடாரில் ஃப்ரெட் கிடையாது. நான் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தப் பார்த்த சுரம், கார்டுக்குத் தகுந்தாற்போல் இரண்டு இடத்தில் நிற்க வேண்டிய சுரமாக இருந்தது.

மெட்டில் இல்லாத சுரம் என்பது மாமிக்குப் புதிதில்லை. “தோடி காந்தாரத்தை எந்த மெட்டுல காட்டுவே? ரிஷபத்துலேர்ந்து இழுத்துத்தான் காட்டணும்” என்றார். வாசித்தும் காட்டினார். அந்தக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடியது, ஒரு இடத்திலும் தங்கவில்லை. ஆல்பர்ட் கிங்குடைய காந்தாரம் ஆடுவதில்லை. ஒரு தரம் சாய்கிறது, சாய்ந்த இடத்திலேயே நிற்கிறது. மாமி அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அசையாத சுரம் என்றால் அதன் ஸ்தானத்தில் நிற்க வேண்டும், ஸ்தானத்தில் நிற்காத சுரம் என்றால் அசைய வேண்டும், இதில் இரண்டுமே இல்லையே என்று வாதாடினார். நான் கிடாரில் ஏ செவன்த் பிடித்துக்கொண்டே அதைப் பாடிக் காட்டினேன். கார்டோடு கேட்கும்போது நியாயம் தெரிகிறது, கார்டை எடுத்துவிட்டுச் சுருதிப் பெட்டியோடு கேட்டால் பேதமாக இருக்கிறது என்றார். இதைவிடத் துல்லியமாக யாரும் எனக்கு ப்ளூஸை விளக்கியதில்லை.

மயிலாப்பூரில் இரண்டு இசையும் அக்கம்பக்கம் வாழ்வது ஒன்றும் அதிசயமில்லை. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றது லஸ் பக்கத்தில்தான். ஐ.ஐ.டி.யில் படித்த ஆர். பிரசன்னா கர்நாடக இசையைக் கிடாரில் முழுக் கச்சேரியாக வாசித்தவர். ஜிமி ஹென்ட்ரிக்ஸை நினைத்து அவர் செய்த ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ ஆல்பம் 2006-இல் வந்தபோது, மாமியோடு நடந்த அந்த வாதமெல்லாம் வேறு ஒருவர் கையில் வளர்ந்து வந்ததாகவே கேட்டேன். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்வேன். இரண்டும் ஒன்றுதான், எல்லா இசையும் ஒன்றுதான் என்று மேடையில் சொல்கிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கையில்லை. மாமியின் காந்தாரமும் ஆல்பர்ட் கிங்கின் காந்தாரமும் ஒன்றில்லை. ஒன்றில்லை என்பதை மாமி விட்டுக்கொடுக்காமல் சொன்னதால்தான் எனக்கு இரண்டுமே கேட்டது.

லிக் கைக்கு வந்தது அடையாறு மாடி அறையில். நண்பன் பாஸ் வாசித்தான். அவன் கல்லூரித் தோழன் ஒருவன் ட்ரம்ஸுக்குப் பதிலாக ஒரு சூட்கேஸில் தட்டினான். நண்பனின் எலெக்ட்ரிக் கிடாரை அரைக் கட்டை இறக்கிக்கொண்டேன். நாலு பார் வரைக்கும் காந்தாரத்தைச் சாய்த்து வாசித்தேன். ஐந்தாம் பாரில் நண்பன் கீழே டி-க்கு நகர்ந்ததும் மணிக்கட்டைத் திருப்பி மத்யமத்தைப் பஞ்சமம் தாண்டித் தைவதம் வரைக்கும் கொண்டுபோய்ப் பிடித்தேன். கார்டு மாறியது காதில் விழுந்ததா, கம்பி ஏறியது முதலில் நடந்ததா என்று பிரிக்க முடியவில்லை. இறக்கும்போது காந்தாரத்தை இழுக்காமல் வைத்தேன். அது நின்றது. நண்பன் தலை நிமிர்ந்து பார்த்தான். நிறுத்தாமல் இன்னொரு சுற்றுப் போனோம்.

இப்போது தி. நகரில் ஒரு சின்ன அறையில் சனி, ஞாயிறு கிடார் சொல்லித்தருகிறேன். ஆல்பர்ட் கிங்கைக் கேட்டுவிட்டு அந்த லிக் வேண்டும் என்று வரும் பிள்ளைகளை முதல் வாரம் கம்பியைத் தொடவிடுவதில்லை. நான் ஏ செவன்த் நாலு பார் வாசிப்பேன், அவர்கள் காந்தாரத்தைப் பாட வேண்டும். பிறகு டி செவன்த் இரண்டு பார், திரும்ப அதே காந்தாரம். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பாடினால் இன்னொரு தடவை. பெரும்பாலும் பாட்டு கற்ற பிள்ளைகள் டி செவன்த்தில் சட்டென்று சேர்ந்துவிடுவார்கள், ஏ செவன்த்தில் திணறுவார்கள். சினிமாப் பாட்டு மட்டும் பாடிய பிள்ளைகளுக்கு நேர்மாறு. இரண்டும் குரலில் வந்த பிறகு பத்தாம் ஃப்ரெட்டுக்குப் போகிறோம்.